மரவாடிக்கு 2 நட்சத்திரம், எடை மேடைக்கு 5

காற்றில் சாய்ந்த எங்கள் வேப்பமரத்தை வாங்க வந்த மரவாடிக்காரர் அடிமரத்தைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு "200 கிலோ தேறும்" என்றார். நான் டேப்பை எடுத்தேன். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி. சுற்றளவில் கால்பங்கை அதாலேயே பெருக்கி நீளத்தாலும் பெருக்கினால் 10 கன அடி, இது வியாபாரக் கணக்கு. உருளையாகக் கணக்கிட்டால் 12.7 வருகிறது, மீதி அறுவைக் கழிவுக்காம்! ஒரு கன அடித் தண்ணீரே 28 கிலோ, பச்சை வேம்பு அதற்குக் கொஞ்சம்தான் குறையும். அப்புறம் குட்டியானையில் ஏற்றி எடை மேடைக்குப் போனோம், காலி வண்டியைக் கழித்து 340 கிலோ. ரசீதைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் காசு கொடுத்தார், அந்த 2 நட்சத்திரம் அதற்குத்தான். விற்பதென்றால் வெட்டிய கையோடு எடை போடுங்கள், காயக் காய எடை இறங்கிவிடும்.