டேலி பிரைம்: கீபோர்டு யார் கையில் இருக்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 44 வயதில்தான் நோட்டை மூடி வைத்துவிட்டு டேலி பிரைம் என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாயிற்று.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆல்ட்+ஜி. எந்த ரிப்போர்ட் எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்று தேட வேண்டாம். பெயரில் நாலு எழுத்து அடித்தால் வந்து நிற்கும். நாளைக்குப் பத்து தடவை பக்கத்து சீட்டைக் கேட்கிற கூச்சம் இதனால்தான் போனது. எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 பணம் கொடுத்தது. ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிடும்.

ஜிஎஸ்டிதான் பழக மறுத்தது. முதல் மாதம் ஒரு ஈரோட்டுப் பார்ட்டியின் கணக்குப் பக்கத்தில், அதாவது லெட்ஜரில், மாநிலத்தைக் கேரளம் என்று போட்டிருக்கிறேன். பில்லில் இருப்பதோ உள்மாநில வரி. இரண்டும் ஒத்துப்போகாமல் அத்தனை பில்லும் 'திருத்த வேண்டியவை' பகுதியில் போய் நின்றன. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்கு அரசுக்குப் போக வேண்டும். என் முழியைப் பார்த்த பக்கத்து சீட் தம்பி, "நகருங்கக்கா, நானே முடிச்சுடறேன்" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டார். மூன்று நிமிஷம்தான். முதலாளியிடமும் அவரே போய்ச் சொன்னார். நல்ல பையன், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தபோது ஏதோ அபராதம் கட்டுகிற மாதிரி இருந்தது. அடுத்த மாதம் அதே தப்பை வேறொரு பார்ட்டிக்கு மறுபடியும் செய்தேன்.

இந்தத் தடவை நானே எழுந்து போய், புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கேட்டேன். என் மகள் வயது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "அந்த லெட்ஜர்ல மாநிலம் என்ன இருக்குன்னு பாருங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். கால் மணி நேரம் ஆனது, ஆனால் அதற்கப்புறம் அந்தத் தப்பு வரவில்லை.

சாஃப்ட்வேருக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். டேலியின் பழைய பதிப்பான இஆர்பி 9-இல் இருந்து வருகிறவர்களுக்கு மட்டும் சில சாவிகள் கொஞ்ச நாள் தடுமாறும். சரக்கு திரும்பி வந்தால் போடுகிற கிரெடிட் நோட்டுக்கு அங்கே கன்ட்ரோல்+எஃப்8, இங்கே ஆல்ட்+எஃப்6. போன வாரம் அந்தத் தம்பியே பழைய சாவியை இரண்டு தடவை அழுத்துவதைப் பார்த்து, "ஆல்ட் எஃப்6 தம்பி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டேன். அவர் என்னிடம் உதவி கேட்கவில்லை. முகம் கொஞ்சம் சுருங்கிற்று. சாயங்காலம் டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.