தப்பான கீ-யை (விடைக்குறிப்பை) வைத்துத் திருத்தும் நீட் டெஸ்ட் சீரிஸ்: பணம் கட்டும் முன் படியுங்கள்

நீட் எழுதப்போகிற பிள்ளைகளும், முக்கியமாக ரிப்பீட்டர் வருஷம் (மறுபடி எழுத இன்னொரு வருஷம்) படிப்பவர்களும், அவர்களுக்காகப் பணம் கட்டும் வீட்டுப் பெரியவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2025 மே தேர்வுக்கு முந்தைய கடைசி மாதங்களுக்கு என்று சொல்லி, ஒரு கோச்சிங் சென்டர் டெஸ்ட் சீரிஸை மட்டும் தனியாக விற்றது. 14,000 ரூபாய், மொத்தமாக முன்பணம். நானும் என்னோடு படித்த தோழிகள் சிலரும் சேர்ந்தோம். என் பங்குக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் பணம் கட்டினார்கள். புகார் இன்னும் முழுசாக முடியவில்லை என்பதால் சென்டரின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே வேலையைச் செய்யும் இடங்கள் வேறு ஊர்களிலும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன், அதனால் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சேரும்போது சொன்னது இதுதான்: நீட் மாதிரியே 180 கேள்வி, 720 மார்க், ஓஎம்ஆர் தாள் (வட்டத்தை நிரப்பி விடை குறிக்கும் தாள்), மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, அன்றைக்கு ராத்திரியே ஆப்பில் மார்க்கோடு 'ஆல் இந்தியா ரேங்க்'. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் டெஸ்டிலேயே ஒன்று உறுத்தியது. எழுதி முடித்ததும் வினாத்தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். "கேள்வி வெளியே போயிடக் கூடாதும்மா" என்றார் சார். நிஜமான நீட்டில்கூட வினாத்தாளை நம் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். அப்புறம் நீட்டை நடத்தும் என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) நம் ஓஎம்ஆர் தாளின் படத்தையும் தற்காலிக விடைக்குறிப்பையும் இணையத்தில் போடுகிறது, தப்பு இருந்தால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் இருக்கும் வசதி, ஒரு மாடி ஹாலில் நடக்கும் மாக் டெஸ்டில் இல்லை என்றால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

டெஸ்ட் முடிந்து வெளியே வந்தால் பஸ் வரும்வரை ஸ்டாப்பில் நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். யார் என்ன குறித்தோம், ஏன் குறித்தோம், யார் எங்கே சிக்கினோம் என்று ஒரே சத்தமாக இருக்கும். ஒரு நாள் கெமிஸ்ட்ரியில் அமோனியா, நைட்ரஜன் ட்ரைஃபுளோரைடு இரண்டில் எதற்கு இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதன் அளவு) அதிகம் என்று கேட்டிருந்தார்கள். எல்லோரும் அமோனியா என்றுதான் குறித்திருந்தோம். நீட்டுக்கு எல்லோரும் படிக்கும் மத்திய அரசின் பதினோராம் வகுப்பு என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தில் வேதிப் பிணைப்புப் பாடத்தில் எண்ணோடு இருக்கிறது, அமோனியாவுக்கு 4.90, மற்றதுக்கு 0.8 தான். ஃபுளோரின் எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பது, நைட்ரஜன் மேல் பிணைப்பில் சேராமல் இருக்கும் தனி எலெக்ட்ரான் இணைக்கு எதிர்த்திசையில் போவதால் ஒன்றை ஒன்று குறைத்துவிடுகிறது. ராத்திரி ஆப்பில் பார்த்தால் எல்லோருக்கும் அந்தக் கேள்விக்கு மைனஸ் ஒன்று. பயோவில் குறுக்கேற்றம் (செல் பிரியும்போது ஜோடி குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) எந்த நிலையில் நடக்கும் என்ற கேள்விக்கு பாக்கிட்டீன் என்று குறித்தால் தப்பாம், சைகோட்டீன் சரியாம்!

என்னோடு படித்தவர்களில் நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி, அடுத்த டெஸ்டில் அதே குறுக்கேற்றக் கேள்வி வேறு மாதிரி வந்தபோது, கீ சொன்னபடியே சைகோட்டீன் என்று மாற்றிக் குறித்துவிட்டாள். "புக்ல நான்தான் தப்பா படிச்சிருப்பேன்டி, அவங்க எக்ஸ்பர்ட் வச்சுத்தானே போடுவாங்க" என்றாள். எனக்குப் பணம் போனதைவிட இது ஆறவில்லை. சரியாகத் தெரிந்த ஒன்றை, காசு வாங்கிக்கொண்டு, தப்பாக மாற்றிக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நீட்டில் சரியான விடைக்கு நான்கு, தப்புக்கு மைனஸ் ஒன்று, ஆகவே ஒரே கேள்வியில் ஐந்து மார்க் இறங்கும். அந்த ஐந்து மார்க் என்ன செய்யும் என்பதை 2024-இல் எல்லோரும் பார்த்தோம். அணு பற்றிய ஒரே ஒரு இயற்பியல் கேள்விக்குப் பழைய என்சிஇஆர்டி ஒரு மாதிரியும் புதியது வேறு மாதிரியும் சொன்னதால் இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஐஐடி டெல்லி நிபுணர்கள் பார்த்து ஒரே விடைதான் சரி என்று சொன்ன பிறகு, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மார்க் குறைந்தது, 720-க்கு 720 எடுத்தவர்கள் 61-லிருந்து 17 ஆனார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. வினாத்தாளில் ஏ, பி என்று இரண்டு செட். ஒரு டெஸ்டில் பி செட்டுக்கு மட்டும் கெமிஸ்ட்ரி கேள்விகளின் வரிசையை மாற்றியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு பி செட். கெமிஸ்ட்ரியில் வழக்கமாக 140-க்குக் குறையாதவளுக்கு அன்றைக்கு 15 மார்க். அவள் போனிலேயே அழுதுவிட்டாள், வீட்டில் சாப்பிடக்கூட வரவில்லை என்று அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். மறுநாள் இரண்டு பேரின் ஆப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 'சரியான விடை' என்ற வரிசை, முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை, என் ஏ செட்டில் இருந்தது போலவே அவளுக்கும் இருந்தது. ஏ செட் கீ-யை அப்படியே பி செட்டுக்குப் போட்டுத் திருத்தியிருக்கிறார்கள். கெமிஸ்ட்ரியின் 45 கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாகப் பதினொன்று சரியாகும், மார்க் பத்துக்குப் பக்கத்தில் வரும். அவளுக்கு வந்த 15 அந்தக் கணக்குதான், அவள் படிப்புக்கும் அந்த மார்க்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பி செட் எழுதிய எல்லோரும் அன்றைக்கு இப்படித்தான் தூங்கப் போயிருப்பார்கள். நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம் தோண்டத் தோண்ட வந்தது. திடநிலை, பாலிமர், செரிமானம் என்று 2024 நீட்டிலிருந்தே பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்களிலிருந்து கேள்விகள். சில தாள்களில் பதினைந்து கேள்வியில் பத்துக்கு எழுதினால் போதும் என்ற 'பகுதி பி' அப்படியே இருந்தது, 2025-க்கு அது கிடையாது என்று ஜனவரியிலேயே என்டிஏ சொல்லிவிட்டது. அதாவது பழைய தாளைத் தூசி தட்டி, தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். 'ஆல் இந்தியா ரேங்க்' எந்த இந்தியாவில் எடுத்தது என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் இல்லை.

கேட்கப் போனோம். புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். "நீங்க என்ன கீ போடுறவங்களா? ஆளாளுக்கு ஆன்சர் டிஸ்கஸ் பண்ணா மனசுதான் குழம்பும், போய்ப் படிங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே எங்களை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். செட் குளறுபடியை மட்டும் சத்தமில்லாமல் ஆப்பில் திருத்தினார்கள், ரேங்க் பழையபடியே நின்றது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அப்பா போய்ப் பணத்தைக் கேட்டால், "சீரிஸ் ஸ்டார்ட் ஆயிடுச்சு சார், ரீஃபண்ட் கிடையாது, ரசீது பின்னாடி போட்டிருக்கு பாருங்க" என்றார்கள்.

அப்படிச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய கோச்சிங் வழிகாட்டுதலில், பாதியில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தைக் கணக்குப் போட்டு பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. அது வழிகாட்டுதல்தான், ஆனாலும் எழுத்தில் எடுத்துக் காட்டினால் பேச்சின் தொனி மாறுகிறது, நாங்கள் பார்த்தோம். அப்பா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தார். ரசீது, நோட்டீஸில் அவர்கள் கொடுத்த வாக்குறுதி, ஆப்பின் ஸ்கிரீன்ஷாட், என்சிஇஆர்டி பக்கத்தின் போட்டோ எல்லாம் வைத்திருந்தோம். பாதிப் பணம் வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறோம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போனால் போதும்.

டெஸ்ட் சீரிஸில் சேர்வதாக இருந்தால் முதலில் ஒரு பழைய தாளையும் அதன் கீ-யையும் கேட்டு வாங்கி, பத்து கேள்வியையாவது புத்தகத்தோடு சரிபாருங்கள். வினாத்தாளைக் கையில் தருவார்களா, கீ தப்பென்றால் யாரிடம் சொல்வது, திருத்தினால் மார்க்கும் மாறுமா என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். பிள்ளைகள் வெளியே வந்து விடைகளைப் பேசினால் "முடிஞ்சதை விடு" என்று வீட்டில் தடுக்காதீர்கள், தயவுசெய்து.

மீதி நாட்களுக்கு நாங்கள் முந்தைய வருஷத்து நீட் தாள்களையே, என்டிஏ வெளியிட்ட இறுதி விடைக்குறிப்போடு எடுத்துக்கொண்டோம், காசு கிடையாது. ஒருத்தி வீட்டு மொட்டை மாடியில் மணி வைத்து எழுதி, தாளை மாற்றி மாற்றித் திருத்தினோம். விடையில் ஒத்துப்போகாவிட்டால் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போவோம். பாக்கிட்டீனை அவள் மறுபடி சரியாகக் குறிக்க ஆரம்பித்தது அங்கேதான்.