ஐந்து ஊசி சைட்: ஏழு மாதப் பாவனைக்குப் பிறகு

போன மாசியில் கனடாவிலிருந்து வந்த அண்ணா என் கொம்பவுண்ட் வில்லுக்கு (முனைகளில் கப்பி பூட்டிய வில்) ஐந்து ஊசி வைத்த சைட் ஒன்று, அதாவது குறிபார்க்கும் கருவி, கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு ஊசி. நம் காசில் 30,000 ரூபாய்க்குக் கிட்ட முடிந்ததாம். இதே அமைப்பில் பல கம்பனிகள் செய்கின்றன. பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றியே எழுதுகிறேன்.

இரணைமடுப் பக்கம் எங்கள் வளவில்தான் எய்து பழகுகிறேன். கிணறு வெட்டியபோது குவித்த கிரவல் மேட்டுக்கு முன்னால், பழந்துணி அடைத்த உரப்பைகளை அடுக்கியிருக்கிறேன். 50 மீற்றர் தாராளமாகக் கிடைக்கும். வில்லை இழுக்க 50 இறாத்தல் விசை வேண்டும். கப்பிகள் உருண்டு முடிந்ததும் கையில் நிற்பது 10 இறாத்தல் அளவுதான் என்பதால் நின்று நிதானமாகக் குறிபார்க்கலாம்.

இந்த சைட்டில் எனக்கு மிகப் பெரிய உதவி, ஊசிகளுக்குக் கீழே இருக்கும் சின்னக் குமிழி மட்டம். பழைய சைட்டில் அது இல்லை. 20 மீற்றரில் நடுவில் குத்தும் அம்பு 50 மீற்றரில் வலப்பக்கம் போகும். 50க்குச் சரிசெய்தால் 20இல் இடப்பக்கம் போய்விடும். மாதக்கணக்காக இதே பாடு. ஒருநாள் மேசன் வேலை செய்யும் பக்கத்து வீட்டு மாமா பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வில்லு வலப்பக்கம் சரிஞ்சு நிக்குது. மட்டம் வைக்காமல் ஆரும் சுவர் எழுப்புறவையே?"

அதுதான் காரணம். வில் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் அம்பு போகும். தூரம் கூடக் கூட விலகலும் கூடும். புது சைட் வந்ததும் மாமாவே அதைப் பூட்டித் தந்தார். கிளாம்பில் வில்லை இறுக்கி, மாங்கொம்பில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நாணும் நூலும் ஒரே கோட்டில் வரும்வரை வில்லை நிமிர்த்தினார். பிறகு சைட்டில் ஊசிகளைச் சுற்றி இருக்கும் வளையத்தைத் தளர்த்தி, குமிழி நடுவில் நின்றதும் இறுக்கினார். இதைச் செய்யாமல் பெட்டியிலிருந்து எடுத்தபடி பூட்டினால் குமிழியே பொய் சொல்லும். என் சைட்டில் வளையம் கண்ணுக்குத் தெரியும் அளவு சரிந்துதான் வந்திருந்தது.

அடுத்தது வளையத்தின் உருவம். முழு இழுவையில் நாண் மூக்கு நுனியைத் தொட்டு, கை தாடை எலும்பில் ஒரே இடத்தில் படிந்தால், நாணில் கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஓட்டையான பீப்புக்குள் இந்த வட்ட வளையம் அப்படியே பொருந்துகிறது. ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். ஊசியை பீப்பின் நடுவுக்குக் கொண்டுவர முயலாதீர்கள். வளையத்தை நடுவில் வைத்துவிட்டு, அந்தத் தூரத்துக்குரிய ஊசியை இலக்கில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஊசிக்கும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

ஊசி முனை அரை மில்லிமீற்றர். கண்ணிலிருந்து 80 சென்ரிமீற்றர் தள்ளி இருப்பதால், 50 மீற்றரில் சுமார் 3 சென்ரிமீற்றரை மட்டுமே மறைக்கும். போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 8 சென்ரிமீற்றர். அதனால் இலக்கின் நடு மஞ்சள் நன்றாகவே தெரியும்.

ஆனால் எங்கள் நண்பகல் வெயிலுக்கு இது கூடிய வெளிச்சம். ஊசி முனைக்கு வெளிச்சம் கொண்டுவரும் ஒளியிழை வெயிலைக் குடித்து, ஊசி முனை நட்சத்திரம் மாதிரி விரிகிறது. இழையில் பாதியைக் கறுப்பு டேப்பால் சுற்றிய பிறகுதான் முனை கூர்மையாகத் தெரிந்தது. பின்னேரம் டேப்பைக் கழற்றிவிடுவேன்.

பெரிய குறை திருகாணிகள். சித்திரையில் 40 மீற்றர் ஊசி அதிர்வில் மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. எனக்கு அது தெரியாது. அம்புகள் மேலே மேலே போக, தோளில்தான் பிழை என்று நினைத்து இரண்டு கிழமை நின்ற நிலையையே மாற்றிக்கொண்டிருந்தேன். இந்த விலைக்கு இது நடந்திருக்கக் கூடாது. இப்போது எல்லாத் திருகாணிக்கும் அதிர்வில் கழலாமல் பிடிக்கும் நீலப் பசை போட்டு, ஊசிகள் நிற்கும் இடத்தில் வெள்ளைப் பெயின்றால் கோடு இழுத்திருக்கிறேன். சோளகக் காற்றுக் காலம் முழுக்க எய்தும் அசையவில்லை.

புதிதாகப் பூட்டுபவர்களுக்கு ஒன்று: அம்பு போகும் பக்கமே சைட்டையும் நகர்த்துங்கள். வலப்பக்கம் குத்தினால் வலப்பக்கம், கீழே குத்தினால் கீழே. 20 மீற்றரில் மூன்று அம்பு எய்து, மூன்றும் சேர்ந்து விழுந்தால் மட்டும் சாவியைக் கையில் எடுங்கள். சிதறி விழுந்தால் பிடியைப் பாருங்கள்; வில்லை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு அதைத் திருகிவிடும், அதை எந்த சைட்டும் காட்டாது.

2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாகக் கொம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் அதைக் கேட்ட நாளிலிருந்து என் வளவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் இதே வகை சைட்டைத்தான் வாங்கச் சொல்லியிருக்கிறேன், நீலப் பசையோடு சேர்த்து. 60 மீற்றருக்கான ஐந்தாவது ஊசி என் வளவுக்கு மிச்சம். கழற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். நான்கு ஊசியோடு வளையத்துக்குள் பார்வைக்கு இன்னும் இடம் கிடைக்கிறது.