வீட்டு நர்ஸ் பில்லில் ‘அரசு பங்கு’ என்று ஒரு வரி இருந்தால்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு செக்கிங், பேக்கிங் எடுத்துச் செய்கிறேன். பீஸுக்கு அஞ்சு பைசா குறைத்துக் கேட்டாலே அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற ஆள். அப்படிப்பட்டவன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த வகையில் 35,000 ரூபாயைத் தொலைத்தேன். அதைவிடப் பெரிய நஷ்டம், அப்பா முதுகில் வந்த புண்.

பொங்கல் முடிந்த வாரம். கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். காலையில் மோட்டார் போடப் போன அப்பா வாய்க்கால் மேட்டிலேயே விழுந்து கிடந்திருக்கிறார். பக்கவாதம், வலது கையும் காலும் செயலிழந்துவிட்டது. வயது 74. கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 16 நாள் வைத்திருந்தோம். டிஸ்சார்ஜ் அன்றைக்கு மருந்துச் சீட்டும் கையுமாக பில் கவுண்டரில் நிற்கும்போது, வீட்டுக்கு நர்ஸ் அனுப்புகிற ஏஜென்சி ஆள் ஒருத்தர் பக்கத்தில் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

“ஏனுங்ணா, அய்யன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? பாத்துக்க ஆளு இருக்குதுங்களா?”

இருந்தால் நான் ஏன் அப்படி முழித்துக்கொண்டு நிற்கப் போகிறேன்? அம்மாவுக்கு 68, மூட்டு வலி. நானும் மனைவியும் திருப்பூரில்.

“ஒரு நாளைக்கு 1,500ங்ணா, டிரெயினிங் முடிச்ச நர்ஸு. அதுல 600 கவர்மெண்ட் பங்கு. 70 தாண்டினவங்களுக்கு அஞ்சு லட்சம் கார்டு இருக்குதில்லீங்க, அதுல நாங்களே கிளைம் பண்ணிக்குவோம். நீங்க 900 குடுத்தாப் போதும்.”

நம்பினேன். ஏனென்றால் அந்தக் கார்டு பொய்யில்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் 70 வயது ஆன எல்லாருக்கும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் விரித்தது. டிவியில் நானே பார்த்தேன். பாதி உண்மையை முன்னால் வைத்துத்தான் மீதிப் பொய்யை விற்கிறார்கள். பதிவுக் கட்டணம் 5,000, அட்வான்ஸ் 30,000 கட்டினேன். அப்பாவின் ஆதார் ஜெராக்ஸையும் கொடுத்தேன். ‘கார்டு ஓப்பன் பண்ண’ என்று கேட்டதும் போனுக்கு வந்த ஓடிபியையும் சொன்னேன். ஆமாம், நானேதான் சொன்னேன். திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். முதலில் வந்தவர் நாலாம் நாள் காணோம். இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு சாப்பாட்டோடு பஸ் காசும் தனியாகத் தர வேண்டும் என்றார்கள், பில்லில் அது ‘இதர செலவு’. மூன்றாவதாக வந்த புள்ளைக்கு இருபது வயதுகூட இருக்காது. நர்ஸிங் படித்ததில்லை, அதற்கு முன்னால் நூல் மில்லில் வேலை. பத்து நாள் ஏதோ சொல்லிக்கொடுத்தார்களாம். கைக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு 400. இதையெல்லாம் அவளே அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் ஏஜென்சி கொடுத்த நோட்டு. தேதி, காலை பிபி, மாலை பிபி, எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தது என்று கட்டம் கட்டமாக அச்சடித்தது. புரட்டினேன். தினமும் 120/80. கைகால் விழுந்த ஆளுக்கு, பிபி மாத்திரை இரண்டு வேளை போடுகிறவருக்கு, ஒரு நாள்கூட 122 வரவில்லை. அடுத்த பக்கம் ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு வர வேண்டிய காலை பிபி, மாலை பிபி, இரவு 2 மணிக்குத் திருப்பியது, 4 மணிக்குத் திருப்பியது எல்லாம் ஒரே நீலப் பேனாவில் எழுதி முடித்திருந்தது.

வேட்டியை விலக்கிப் பார்த்தேன். இடுப்பெலும்புக்கு மேலே, நடு முதுகு முடிகிற இடத்தில், எட்டணாக் காசு அகலத்துக்குத் தோல் கறுத்து நடுவில் ஈரமாக இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “சாமி, நானும் தெனம் பக்கத்துலயேதான் கண்ணு உக்காந்திருந்தேன்” என்றார். அதற்குமேல் பேசவில்லை.

திங்கட்கிழமை ஆளை நிறுத்தினேன். மொத்தம் 62 நாள். 900 வீதம் 55,800 ரூபாயை வாராவாரம் கட்டி முடித்திருந்தேன். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால், வந்தது இன்னொரு பில். ‘அரசு பங்கு கிளைம் நிராகரிப்பு, 62 நாள் × 600 = 37,200. அட்வான்ஸ் கழித்தது போக நீங்கள் தர வேண்டியது 7,200.’ கணக்கு துல்லியமாகப் போட்டிருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்ட தாளில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘அரசு பங்கு கிடைக்காதபட்சத்தில் வாடிக்கையாளரே பொறுப்பு.’ ஆக, அவர்களுடைய உண்மையான ரேட் 1,500. 900 என்பது தூண்டில் புழு.

அதற்குப் பிறகுதான் விசாரிக்கவே ஆரம்பித்தேன். ஈரோடு பெரியாஸ்பத்திரியில் காப்பீட்டுத் திட்ட மேசையில் இருந்த தம்பி ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டான்: “அண்ணா, இது பெட்டுல படுத்து வைத்தியம் பாக்கறதுக்குங்க. வீட்டுல ஆள் வைக்கற கூலிக்கு இதுல ஒரு ரூபாய் கெடையாதுங்க.” பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் அந்த அஞ்சு லட்சம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரைக்கும் மருந்து, பரிசோதனைச் செலவு அதில் அடங்கும், அதுவும் ஆஸ்பத்திரி வழியாகத்தான். கார்டு எடுக்கக் காசே வேண்டியதில்லை. 1,20,000 ரூபாய்க்குள் ஆண்டு வருமானம் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சர் காப்பீடும் ஆஸ்பத்திரிக்குத்தான். தனியார் மெடிக்ளைமில் ‘டொமிசிலியரி’ என்று ஒன்று போட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய வைத்தியத்தை, நகர்த்த முடியாமலோ பெட் கிடைக்காமலோ வீட்டில் பார்த்தால் அதற்கானது. துணைக்கு உட்காருகிற ஆளின் சம்பளம் அதில் வராது.

கையில் பணமாக வருவது கொஞ்சம்தான். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200. அதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை வெறும் 200, 80 ஆனால் 500, மீதி மாநிலம் போடுவது. காடு தோட்டம் இருப்பதால் அப்பாவுக்கு அது இல்லை. கடுமையாகப் பாதித்த மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 பராமரிப்புத் தொகை உண்டு. பாதிப்பு எத்தனை சதவீதம் என்கிற சான்றிதழ் வாங்கி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஆனால் ஆளாக வருவது ஒன்று இருக்கிறது. அது தெரியாமல்தான் இத்தனை கூத்தும். மக்களைத் தேடி மருத்துவம் என்கிற மாநில அரசின் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்குத் தருவார்கள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிந்ததும் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கிற நர்ஸம்மா வீட்டுக்கே வந்தார். புண்ணைக் கழுவிக் கட்டி, யூரின் டியூப் மாற்றி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். பிசியோதெரபிக்கும் ஆள் வந்தார். காசு வாங்கவில்லை, அம்மா நீட்டிய வெல்லத்தைக்கூட ஒரு அச்சுதான் எடுத்துக்கொண்டார். இவர்கள் தினமும் வர மாட்டார்கள், மாதத்துக்கு ஓரிரு முறைதான். ராத்திரி எழுந்து திருப்பிப் போட ஆள் நம் செலவில்தான் வைக்க வேண்டும்.

இப்போது உள்ளூரில் ஒரு அக்கா பகலுக்கு மட்டும் வருகிறார், 600 ரூபாய். ராத்திரிக்கு சித்தப்பா மகன். டயப்பர், காற்று மெத்தை வாடகை, மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 26,000 போகிறது. கனமான தொகைதான். ஆனால் யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிகிற தொகை.

ஏஜென்சி வைத்தே ஆக வேண்டியவர்கள், ‘நர்ஸ்’ என்று சொன்னால் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் அது அட்டெண்டர், ரேட்டும் அட்டெண்டர் ரேட்தான். நோட்டில் நாளைய பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். ஓடிபி சொல்லி ஏமாந்தது புரிந்த பிறகு நான் ஆதார் தளத்தில் அப்பாவின் கைரேகையைப் பூட்டி வைத்தேன், முன்னாலேயே செய்திருக்க வேண்டியது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்ன பிறகு 12,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதிக்கு ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். நான் கொடுத்த பணம் அஞ்சு லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கு நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வராத ஞாயிற்றுக்கிழமையின் பிபி அதில்தான் இருக்கிறது.