நியூயார்க் ஜாஸ்: இந்தக் கோடையில் எங்கே, எந்த நாற்காலியில்

ஒரு ஜாஸ் அரங்கை எடைபோட ஒரே ஒரு சோதனை போதும். டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பி பிரஷ்ஷை எடுத்து, ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் தோலில் வட்டமாகத் தேய்க்கிறார். அந்த மெல்லிய 'சர்ர்' சத்தம் மைக்கின் தயவில்லாமல் கடைசி மேசைவரை வருகிறதா? வந்தால் அது கேட்கத் தகுந்த இடம். வராவிட்டால் மேடையில் எவ்வளவு பெரிய ஆள் இருந்தாலும் நீங்கள் கேட்பது பாதிக் கச்சேரிதான். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் கடைசிவரை நியூயார்க்கில் பூங்காவிலும் ஜாஸ், நிலவறையிலும் ஜாஸ். பூங்காவில் இலவசம், நிலவறையில் காசு. அந்தக் காசு எதற்கு என்பதற்கு இந்த பிரஷ் சத்தமே பதில்.

முதல் இடம் வில்லேஜ் வான்கார்டு என்ற நிலவறைக் கிளப்புக்கு. இதில் எங்களுக்குத் துளியும் தயக்கம் இல்லை. முகவரி 178, செவன்த் அவென்யூ சவுத். குறுகலான படிக்கட்டில் 15 படி இறங்கினால் 123 பேர் உட்காரக்கூடிய முக்கோண அறை. மாக்ஸ் கார்டன் 1935இல் இங்கே தொடங்கியபோது கவிதை வாசிப்பு, நாட்டுப்பாடல், நகைச்சுவை எல்லாம் கலந்துதான் ஓடின. 1957இல்தான் முழுக்க ஜாஸுக்கு மாறியது. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் பியானோவே இல்லாமல், சாக்ஸபோன், பேஸ் (ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் தாழ்சுருதித் தந்தி வாத்தியம்), டிரம்ஸ் என்று மூன்றே வாத்தியங்களோடு இங்கே பதிவு செய்தார். சுருதிக்குப் பியானோ துணை இல்லாமல் மூன்று பேர் ஒரு அறையை நிரப்ப முடிந்தது என்றால் அதில் அந்த அறைக்கும் பங்கு உண்டு. மேடை, முக்கோணத்தின் குறுகிய முனையில் இருக்கிறது. பக்கச் சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. இணையான சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து மாதிரி இங்குமங்கும் மோதி இரைச்சலாகும். இங்கே அது நடப்பதில்லை. கூரையும் தாழ்வு. அதனால் பேஸின் ஒவ்வொரு சொல்லும் உருண்டு வருவதற்குப் பதிலாகத் தெளிவாக விழுகிறது.

1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு இதே மேடையில் மதியமும் இரவுமாக ஐந்து செட் (இடைவேளை இல்லாமல் வாசிக்கும் ஒரு கச்சேரிப் பகுதி) வாசித்தது. அந்தப் பதிவில் கோப்பைகள் மோதுவதும் பேச்சுக்குரலும்கூடக் காதில் விழும். பதினொரே நாளில், பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். கோடையில் இந்த ஊருக்கு வருகிறவர்கள் போவதற்கு முன் அந்தப் பதிவை ஒருமுறை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அறையின் அளவு காதுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். வான்கார்டில் இரவுக்கு இரண்டு செட், 8 மணிக்கும் 10 மணிக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு. கட்டணத்தோடு ஒரு பானமாவது வாங்கியாக வேண்டும். சாப்பாடு கிடையாது, வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள். செட் நடக்கும்போது படம் எடுப்பது, பதிவு செய்வது, பேசுவது மூன்றுக்கும் அனுமதி இல்லை, அதைக் கறாராகவும் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கண்டிப்புக்காகவே இன்னொரு மதிப்பெண் தரலாம். சீட்டு இணையத்தில் வாங்கினாலும் நாற்காலி எண் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதலில் இடம். ஆகவே 8 மணி செட்டுக்கு, கதவு திறப்பதற்கு ஒரு கால் மணி நேரம் முன்பே வாசலில் நிற்க வேண்டும்.

உள்ளே போனதும் முதல் மேசைக்கு ஓடாதீர்கள். பியானோ உங்கள் இடது கைப் பக்கம், டிரம்ஸ் வலது பக்கம். வலது சுவரோர இருக்கையில் மேடையை ஒட்டி உட்கார்ந்தால் டிரம்ஸின் பெரிய தாளத்தட்டான ரைடு சிம்பல் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பியானோக்காரரின் விரலைப் பார்க்க ஆசை என்றால் இடது பக்கம் சரி. நாலு வாத்தியமும் சம எடையில் வர வேண்டும் என்றால் நடுவில், மூன்றாவது நாலாவது வரிசை. திங்கட்கிழமை கணக்கே வேறு. 1966 பிப்ரவரியில் டிரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்மர் மெல் லூயிஸும் தொடங்கிய பெரிய குழு, இன்று வான்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் திங்கள்தோறும் வாசிக்கிறது. பதினாறு பேர், அத்தனை சிறிய மேடையில். முன்னால் உட்கார்ந்தால் சாக்ஸபோன் வரிசை மட்டுமே கேட்கும். டிரம்பெட் வரிசையின் ஒலி தலைக்கு மேலே பறந்து போய்விடும். அன்றைக்கு மட்டும் பின்னால் போய் உட்காருங்கள், பார் பக்கம் என்றாலும் பரவாயில்லை.

எந்த நாள் போவது? திங்கள் தவிர மற்ற ஆறு நாளும், செவ்வாய் முதல் ஞாயிறுவரை, பெரும்பாலும் ஒரே குழுதான் வாசிக்கும். நாளுக்கு இரண்டு செட் என்றால் வாரத்துக்குப் பன்னிரண்டு. செவ்வாய் 8 மணிக்குக் கண்கள் தாளிலேயே இருக்கும். முடிவுகள் கொஞ்சம் தயங்கும். ஞாயிறு 10 மணி என்பது பன்னிரண்டாவது செட். தாள் மூடியிருக்கும், ஒருவர் ஆரம்பித்ததை இன்னொருவர் பாதியில் பிடித்துக்கொள்வார். ஒரே ஒரு சீட்டுக்குத்தான் வழி என்றால் ஞாயிறு இரண்டாவது செட்டை வாங்குங்கள்.

கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு வார்த்தை. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பெரும்பாலும் அது 32 பார் (பார் என்பது ஒரு தாள அளவு, பெரும்பாலும் நாலு எண்ணிக்கை), எட்டு எட்டாக நாலு பகுதி; அல்லது 12 பார் ப்ளூஸ். அதன் பிறகு அதே ஸ்வரக்கட்டுத் திரும்பத் திரும்பச் சுழலும், அதன்மேல் ஒவ்வொருவராகக் கற்பனை. மெட்டு காணாமல் போய்விட்டது என்று தோன்றும்போது பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்று எங்கே முடிகிறது என்பதை அதுதான் விடாமல் சொல்லும். கடைசியில் டிரம்ஸும் மற்றவர்களும் நாலு நாலு பாராக மாறி மாறிப் பதில் சொல்வதைக் கேட்டால், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பது நினைவுக்கு வரும். இங்கே அளவு குறைந்துகொண்டே போகாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஒவ்வொருவர் முறை முடிந்ததும் கை தட்டுவது இங்கே முறைதான். ஆனால் அடுத்து வருவது பேஸ் தனி என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அதன் முதல் நாலு பார் எப்போதும் கைதட்டலில் மூழ்கிப்போகிறது.

வான்கார்டிலிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால் வெஸ்ட் டென்த் தெரு. 183ஆம் எண்ணில் ஸ்மால்ஸ், 163இல் மெஸ்ரோ. இரண்டும் நிலவறைதான். ஸ்மால்ஸ் 1993இல் திறந்தபோது மதுவிற்க உரிமம்கூட இல்லை. பத்து டாலர் கொடுத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். இன்று பார் இருக்கிறது, கட்டணமும் ஏறிவிட்டது. ஆனால் நள்ளிரவை ஒட்டித் தொடங்கும் ஜாம் இன்னும் அதே உயிரோடு நடக்கிறது. இளம் வாத்தியக்காரர்கள் பெட்டியோடு சுவரோரம் காத்திருந்து, பெயர் சொல்லி மேடை ஏறுகிறார்கள். குறையும் உண்டு. ஒரு பாட்டுக்கு ஐந்து சாக்ஸபோன் வரிசையில் நின்றால் ஒவ்வொருவரும் நாலு சுற்று எடுக்க, பாட்டு இருபது நிமிடம் இழுக்கும். அந்த நேரத்தில் உங்கள் கண் மேடைக்குச் சொந்தக்காரரான குழுவின் டிரம்மர்மீது இருக்கட்டும். தெரியாத ஐந்து பேரையும் கீழே விழாமல் தாங்கிப் பிடிப்பது அவர் கைதான். ஸ்மால்ஸ் தன் கச்சேரிகளை 2007 முதலே இணையத்தில் நேரலையாகவும் தருகிறது. ஊரில் இருந்துகொண்டே முன்னோட்டம் பார்த்துவிட்டு எந்தக் குழுவுக்குப் போவது என்று முடிவு செய்யலாம்.

மெஸ்ரோ வேறு குணம். பியானோ கலைஞர் ஸ்பைக் வில்னர் 2014இல் தொடங்கியது. நீளமான, ஒடுங்கிய அறை, பெரும்பாலும் பியானோவும் பேஸும், சில நாள் கிட்டார். இந்த இரட்டை வாத்தியப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு சட்டக் கதை இருக்கிறது. உணவு, மது விற்கும் இடங்களில் ஆடல்பாடலுக்கு உரிமம் கேட்ட, 1926இல் வந்த கேபரே சட்டத்தையும் அதை ஒட்டிய விதிகளையும் வைத்து, உரிமம் இல்லாத சிறு இடங்களில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது, டிரம்ஸும் ஊதுவாத்தியமும் கூடாது என்று 1980களின் பிற்பகுதிவரை நகரம் தடுத்து வைத்திருந்தது. பியானோவும் தந்தி வாத்தியமும் மட்டும் தப்பின. அப்படி வளர்ந்ததுதான் யூனிவர்சிட்டி பிளேஸில் 1969 முதல் 1996வரை நடந்த பிராட்லீஸ் என்ற மதுக்கடை. சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் 1977இல் இறந்தபோது தன் பால்ட்வின் பியானோவை அந்தக் கடைக்குத்தான் எழுதிவைத்துவிட்டுப் போனார். டிரம்ஸ் இல்லாமல் தாளம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மெஸ்ரோவில் பியானோவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இடது கையைக் கேளுங்கள். கேபரே சட்டமோ 2017இல்தான் ஒருவழியாக ஒழிந்தது.

ப்ளூ நோட் கிளப்புக்குப் பெரிய பெயர்கள் வருகிறார்கள், ஆனால் மேசைகள் தோளோடு தோள் ஒட்டிப் போடப்பட்டிருக்கும், சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் நிற்காது. யார் வாசிக்கிறார் என்பதற்காக மட்டும் போகலாம். லிங்கன் சென்டர் ஜாஸ் அமைப்பின் டிஸ்ஸீஸ் கிளப் கொலம்பஸ் சர்க்கிளில் ஐந்தாம் மாடியில் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் முழுக்கக் கண்ணாடி, அதற்கப்பால் சென்ட்ரல் பார்க். குடும்பத்தோடு, முதல்முறையாகக் கேட்கிறவர்களைக் கூட்டிப்போக இதைவிட வசதியான இடம் இல்லை. கோடையில் முதல் செட்டுக்குப் போனால் வெளியே இருட்டுவதையும் பார்க்கலாம்.

இனி பூங்கா. இவற்றை மட்டமாகச் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை. பியானோ கலைஞர் பில்லி டெய்லர் 1964இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய ஜாஸ்மொபீல், காசு கொடுத்துக் கேட்க வழியில்லாத தெருக்களுக்கு நகரும் மேடையை வைத்து இசையைக் கொண்டுபோன அமைப்பு. இன்றும் கோடையில் ரிவர்சைடு டிரைவில் ஜெனரல் கிராண்ட் சமாதி முன்னால் இலவசமாக நடத்துகிறார்கள். மடக்கு நாற்காலி நீங்களே கொண்டுபோக வேண்டும். வருகிறவர்களில் பலர் பல்லாண்டுகளாக வரும் ஹார்லம் பகுதிப் பெரியவர்கள். அவர்கள் எங்கே 'ஆமாம்' என்று குரல் கொடுக்கிறார்கள் என்று கவனித்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும். பிரயன்ட் பார்க்கில் வார நாள் மதியங்களில் பழைய பாணிப் பியானோ வாசிப்பும் உண்டு. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய் உட்காரலாம்.

திறந்தவெளியில் எது கெடுகிறது, ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். பேஸின் அடித்தந்தி நொடிக்கு 41 அதிர்வு. உள்ளே சுவர்கள் அதைத் திருப்பித் தந்து கனமாக்கும். வெளியே அது போனது போனதுதான். ஆகவே ஒலிபெருக்கியில் ஏற்றுகிறார்கள். ஏற்றினால் பேஸின் மரக்கூடு அந்த ஒலியையே வாங்கி மறுபடி மைக்குக்குக் கொடுத்து 'ஊம்' என்று ஊளையிடும். அதை அடக்கக் கீழ் ஒலிகளை வெட்டுவார்கள், பேஸ் தகரம் மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, வெயில். காற்று சூடானால் ஊதுவாத்தியத்தின் சுருதி ஏறும், ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய 3 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). வெயிலில் காயும் எஃகுத் தந்தியோ தளர்ந்து சுருதி இறங்கும். முதல் பாட்டில் சாக்ஸபோனும் பேஸும் ஒட்டாமல் நின்றால் அது வாசிக்கிறவர் குற்றமல்ல. சாக்ஸபோன்காரர் வாய்ப்பகுதியைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்து, இரண்டாவது மூன்றாவது பாட்டில் சேர்ந்துவிடுவார்கள். அதற்குள் எழுந்து போகாதீர்கள்.

உட்கார வேண்டிய இடம், ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால், நடுவில். ஒலிப்பொறியாளர் தன் காதுக்குச் சரிசெய்வதுதான் அங்கே கேட்கும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே ஒருபக்கமாக உட்கார்ந்தால் பிரஷ் சத்தம் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இடி மின்னல் என்றால் மேடையை உடனே காலி செய்துவிடுவார்கள், ஆகஸ்ட் மாலைகளில் இது அடிக்கடி நடக்கும். கிளம்புமுன் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

குவீன்ஸில், கொரோனா பகுதியில் உள்ள டிரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வீட்டையும் விடக்கூடாது. 1943 முதல் 1971இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்த சாதாரணச் செங்கல் வீடு. 7ஆம் எண் ரயிலில் 103ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கி நடக்கலாம். கோடையில் தோட்டத்திலேயே கச்சேரி வைக்கிறார்கள். வெளிப்புறமாக இருந்தும் பிரஷ் சோதனையில் தேறும் இடம், காரணம் அதன் சின்ன அளவுதான். எதிரே 2023இல் திறந்த புதிய மையமும் இருக்கிறது.

மாதங்களைப் பற்றி: ஜூலையில் முன்னணிப் பெயர்கள் பலர் ஐரோப்பாவின் மோன்த்ரூ, பெருஜா, ராட்டர்டாம் விழாக்களுக்குப் பறந்துவிடுவார்கள். அப்போது கிளப்களில் உள்ளூர்க்காரர்களும் புதியவர்களும் வாசிப்பார்கள். இது நஷ்டமில்லை, உள்ளூர் மேளம் எப்படி அடிக்கிறது என்று பார்க்க அதுதான் மாதம்.

ஆகஸ்ட் கடைசியில், சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் பெயரில் ஜாஸ் விழா. 1993இல் தொடங்கியது, இலவசம். ஹார்லமின் மார்கஸ் கார்வி பூங்காவிலும், பிறகு ஞாயிறு மதியம் டாம்ப்கின்ஸ் ஸ்குவேர் பூங்காவிலும் நடக்கும். பார்க்கர் 1950களின் தொடக்கத்தில் குடியிருந்த வீடு, அவென்யூ பி, 151ஆம் எண், அந்தப் பூங்காவுக்கு நேர் எதிரே. நல்ல மரநிழல் உள்ள பூங்கா, ஆனால் நிழலான இடம் முதலில் நிறைந்துவிடும்; ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மாலையில் கச்சேரி முடிந்ததும் ஃபர்ஸ்ட் அவென்யூ நிறுத்தத்தில் எல் ரயில் ஏறி, சிக்ஸ்த் அவென்யூவில் இறங்கி, இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நடந்தால் வான்கார்டின் 10 மணி செட்டுக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். அன்று ஞாயிறு, பன்னிரண்டாவது செட். சீட்டை மட்டும் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.