வகுப்பறைக்குள் ஒரு கணக்கு, யூடியூபில் வேறு கணக்கு

தஞ்சைப் பெரிய கோயில் பற்றி என் மாணவிகள் நான்கு பேர் மூன்று நிமிடக் காணொளி ஒன்று செய்தார்கள். வகுப்பில் போட்டுக் காட்டியபோது நல்ல கைதட்டல். அன்று இரவே யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். காலையில் பார்த்தால் சத்தமே இல்லை. பின்னணியில் ஓடிய சினிமாப் பாட்டுக்கு யாரோ உரிமை கோரியிருந்தார்கள். "கடைசியில் 'நன்றி: கூகுள்' என்று போட்டோமே மேடம்" என்றாள் ஒருத்தி, முகம் வாடிப்போய். கூகுள் தேடித்தான் தரும். படமும் பாட்டும் அதனுடையவை அல்ல. இதை நாங்கள் முன்னாலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு இருக்கும் வழிகளில் முதலாவது, சட்டமே தரும் சலுகை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பாடம் நடக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தால் அது மீறல் ஆகாது என்கிறது. ஆண்டு விழாவில் பாட்டுப் போடலாம். பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். இந்தச் சலுகை சின்னதல்ல. டெல்லி பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், டெல்லி உயர்நீதிமன்றம் 2016-இல் மாணவர் பக்கம் நின்றது. இத்தனை பக்கம்தான் என்று அளவு வைக்காமல், பாடத்துக்குத் தேவையா என்று பார்க்கச் சொன்னது.

ஆனால் இந்தக் குடை கல்லூரி வாசலோடு சரி. யூடியூபில் பார்ப்பது ஊர் உலகம். அங்கே நம் பிள்ளைகள் 'ஃபேர் யூஸ்' என்று எழுதிவைப்பது அமெரிக்கச் சட்டத்தின் சொல். அமெரிக்காவில் நான்கு அம்சங்களை எடைபோட்டு நீதிமன்றம் முடிவெடுக்கும். இங்கே இருப்பது நியாயமான கையாளுகை: சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி என்று காரணங்களைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. கோயில் படத்துக்குப் பின்னால் ஓடும் பாட்டு இதில் எதிலும் சேராது. அப்புறம், முப்பது வினாடிக்குள் எடுத்தால் தப்பில்லை என்பது வெறும் வதந்தி. இரண்டு நாட்டுச் சட்டத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது.

இரண்டாவது, கிரியேட்டிவ் காமன்ஸ். என் ஓட்டு இதற்குத்தான். படைத்தவரே முன்கூட்டி அனுமதி கொடுத்துவிடுகிறார், நாம் நிபந்தனையை மதித்தால் போதும். இப்படி அனுமதி தந்த படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் பெரிய கோயிலுக்கே ஏராளமான படங்கள் உண்டு. உரிமத்தைப் படிக்காமல் எடுப்பதுதான் ஆபத்து. உரிமத்தின் பெயரில் 'என்.டி.' என்றிருந்தால் மாற்றியமைக்கக் கூடாது; ஒரு இசையைக் காணொளியோடு ஒட்டுவதே மாற்றம்தான் என்பது பலருக்குத் தெரியாது. 'எஸ்.ஏ.' இசையைச் சேர்த்தால் நம் காணொளியையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 'என்.சி.' என்றால் வணிகப் பயன்பாடு கூடாது.

பிக்சாபே போன்ற இலவசத் தளங்கள் இதைவிட எளிது, பெயர்கூடப் போட வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர் சார்ந்த படம் அங்கே குறைவு. அவசரத்துக்கு ஒரு மேகம், ஒரு கடல் வேண்டுமென்றால் சரி. யூடியூபிலேயே ஏற்றுவதானால் இசைக்கு அவர்களுடைய ஆடியோ லைப்ரரி நல்லது. அதிலும் சில இசைக்குப் பெயர் குறிப்பிட வேண்டும்.

மூன்றாவது, பொதுவுடைமை, அதாவது உரிமைக் காலம் முடிந்து எல்லோருக்கும் சொந்தமாகிவிட்ட படைப்புகள். இங்கேதான் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். எழுதியவர், இசையமைத்தவர் இறந்து அறுபது ஆண்டு கடந்தால் இந்தியாவில் உரிமை முடிகிறது. 1847-இல் மறைந்த தியாகராஜரின் கிருதிகள் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் அதை ஒரு வித்வான் பாடி நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு, வெளியானதிலிருந்து அறுபது ஆண்டு. கோயிலும் அப்படித்தான். கட்டி ஆயிரம் ஆண்டாகிவிட்டது. போன மாதம் ஒருவர் எடுத்த புகைப்படம் அவருடையது.

அந்த நால்வரும் காணொளியைத் திருப்பிச் செய்தார்கள். இரண்டு பேர் பஸ் ஏறிப் போய், கோயில் விமானத்தின் மேல் சாயங்கால வெயில் விழும் நேரத்தில் போனிலேயே படம் எடுத்துவந்தார்கள். வீணை படிக்கும் ஒருத்தி ஒரு கிருதியை வாசித்தாள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். நந்தியின் படம் மட்டும் சரியாக வரவில்லை, அதைக் காமன்ஸிலிருந்து எடுத்தோம். கடைசித் திரையில் இப்போது படத்தின் பெயர், எடுத்தவர் பெயர், கிடைத்த இடம், உரிமம் என்று நான்கு வரி இருக்கிறது. 'நன்றி: கூகுள்' இருந்த அதே இடம்.