வைரஸ் என்று சொல்லி எங்கள் வீட்டுப் படங்களை அழித்தார்கள்: திருகோணமலை மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

கணினித் திரையின் வலது கீழ் மூலையில், நேரம் காட்டும் இடத்துக்குச் சற்று மேலே, சிவப்புக் கேடயப் படத்தோடு ஒரு சிறிய பெட்டி வந்து வந்து மறைகிறதா? "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்குங்கள்" என்று ஆங்கிலத்தில் மிரட்டுகிறதா? அதை நம்பிக் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் அது வைரஸே இல்லை. வீட்டில் இருந்தபடி இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடலாம். அந்த இரண்டு நிமிட வேலைக்குத் திருகோணமலை நகரில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடை எங்களிடம் 14,500 ரூபா வாங்கியது. பணம் போனது ஒரு பக்கம். எங்கள் குடும்பப் படங்களையும் என் மனைவியின் வினாத்தாள்களையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் மனைவி ஆசிரியை. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இருவருக்கும் பொதுவாக வீட்டில் ஒரு மேசைக்கணினி இருக்கிறது. மகள் கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்கப் போன ஒரு தளத்தில், "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் (அனுமதி) என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது. அன்று மாலையே அந்தப் பெட்டி வரத் தொடங்கியது. கணினியைத் திறந்தால் வருகிறது. மூடினால் மறுபடி வருகிறது. மறுநாள் மனைவி பாடசாலையிலிருந்து வந்ததும் கணினியை ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்.

கடைக்காரர் மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், கணினி முழுக்க வைரஸ். இருநூறுக்கு மேல் இருக்கிறது. போர்மட் பண்ணாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கே போய்விடும்" என்றார். போர்மட் என்றால் வட்டில் உள்ளதை அழித்துப் புதிதாகத் தொடங்குவது. மனைவி தெளிவாகச் சொன்னார்: "டெஸ்க்டொப்பில் என் வினாத்தாள்கள் இருக்கின்றன. டி டிரைவில் வீட்டுப் படங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்து வைத்துவிட்டு எதையும் செய்யுங்கள்." அதற்கு அவர், "பயப்படாதீர்கள் டீச்சர், ஒன்றும் போகாது" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணினி திரும்பி வந்தபோது டெஸ்க்டொப் வெறுமையாக இருந்தது. டி டிரைவைத் திறந்தால் எங்கள் கோப்பு ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாகப் புதுச் சினிமாப் படங்கள் நாற்பது ஐம்பது, திருட்டு மென்பொருள்கள் ஒரு தொகுதி. "அதெல்லாம் இலவசமாகப் போட்டுத் தந்தது" என்றார்கள். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, கடையின் முத்திரை குத்திய ஒரு துண்டில் "சேர்விஸ் 14,500" என்று ஒரே வரி எழுதித் தந்தார்கள். வாயால் சொன்ன கணக்கோ வேறு: போர்மட் கூலி, ஒரிஜினல் விண்டோஸ், ஒரு வருடத்துக்கான வைரஸ் கார்ட், அதாவது வைரஸ் தடுப்பு மென்பொருள்.

அழிந்தவற்றில் ஒரு தொகுதியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். என் பெற்றோரின் வீடு மனையாவெளியில் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை உள்ளே வந்து போன பிறகு, சேற்றுக்குள்ளிருந்து எடுத்த இரண்டு அல்பங்கள்தாம் அப்பாவின் இளமைக்காலத்துக்கு எங்களிடம் மிஞ்சிய சாட்சி. உப்புத் தண்ணீர் பட்ட படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உரிக்க உரிக்க நிறம் கழன்று வந்தன. முற்றாகக் கெட்டுப்போவதற்கு முன் அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்தோம். காகிதப் படங்களில் இன்று முகம் தெரிவதில்லை.

என் அக்காவின் மகன் நிலாவெளி வீதியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கிறான். அவன் வந்து பார்த்த பிறகுதான் கடை செய்த வேலை முழுவதும் வெளியே வந்தது. அவன் எங்களுக்குக் காட்டியவற்றை நீங்களும் உங்கள் வீட்டுக் கணினியில் பார்க்கலாம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி. மகள் மறுபடி அதே வினாத்தாள் தளத்துக்குப் போய் அலவ் என்று அழுத்தியதும், போர்மட் செய்து வந்த அதே கணினியில் அதே பெட்டி எட்டிப் பார்த்தது. மருமகன் அதை மூடாமல் எங்களை அருகில் அழைத்துக் காட்டினான். பெட்டியின் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் "கூகுள் குரோம்" என்றும், அதற்குப் பக்கத்தில் வாயில் நுழையாத ஓர் இணைய முகவரியும் இருந்தன. உண்மையாகவே விண்டோஸ் எச்சரித்தால் அந்த இடத்தில் "விண்டோஸ் செக்கியூரிட்டி" என்று இருக்கும். இது ஓர் இணையத்தளம் உலாவி வழியாக அனுப்பும் அறிவிப்பு. செய்தித் தளங்கள் புதிய செய்தி வந்தது என்று அனுப்புமே, அதே வசதிதான். "அலவ்" என்று அழுத்தியதும் அந்தத் தளம் நினைத்த நேரத்தில் நினைத்த வாசகத்தை உங்கள் திரையில் காட்டும் அனுமதியைப் பெற்றுவிடுகிறது. உங்கள் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. பெட்டியை அழுத்தினால் ஏதாவது ஒரு வைரஸ் கார்டை விற்கும் பக்கத்துக்கோ, அதைவிட மோசமான இடத்துக்கோ கொண்டுபோகும்.

நிறுத்தும் வழி இதுதான். குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், பிறகு நோட்டிஃபிகேஷன்ஸ். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அறியாத பெயர் எதுவானாலும் நீக்கிவிடுங்கள். எந்தத் தளமும் இனி அறிவிப்புக்கு அனுமதி கேட்கவே கூடாது என்றும் அதே பக்கத்தில் தெரிவு செய்யலாம். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம். எட்ஜ் உலாவியிலும் இதற்கு இடம் உண்டு. கணினி பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்யும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையை நாம் கேட்டிருக்கிறோம். இங்கே மூட்டைப்பூச்சியே இல்லை; கொளுத்தினால் கூலி கிடைக்கும் என்பதற்காகக் கொளுத்தினார்கள்.

அப்படியானால் இருநூறு வைரஸ் எங்கிருந்து வந்தது? விளம்பர நிறுவனங்கள் உலாவியில் விட்டுச் செல்லும் குக்கீ எனப்படும் சிறு கோப்புகளையும் ஆபத்தென்று எண்ணிக் காட்டும் சில செயலிகள் இருக்கின்றன. எந்தக் கணினியில் ஓட்டினாலும் நூற்றுக்கணக்கில் எண் வரும். கடைக்காரர் எண்ணிக்கை சொன்னால், அந்த வைரஸ்களின் பெயரைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த "ஒரிஜினல் விண்டோஸ்". நாங்கள் கணினியை வாங்கும்போதே உரிமத்தோடு விண்டோஸ் 11 வந்தது. அந்த உரிமம் கணினியோடு பிணைக்கப்பட்டது. அதே பதிப்பைத் திரும்ப நிறுவி இணையத்தோடு இணைத்தால் காசில்லாமல் தானாகவே செயற்பாட்டுக்கு வரும். கடைக்காரர் அதை எடுத்துவிட்டு, வேறு பதிப்பு ஒன்றை நிறுவி, திருட்டுச் செயலி ஒன்றால் அதை இயங்க வைத்திருந்தார். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். வீட்டுக்கு வாங்கிய கணினி என்றால் "டிஜிட்டல் லைசன்ஸ்" மூலம் இயங்குகிறது என்று அங்கே இருப்பதுதான் வழக்கம். எங்கள் திரையில், "உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை" மூலம் இயங்குகிறது என்று இருந்தது. பெரிய அலுவலகங்கள் தங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு வைத்திருக்கும் முறை அது. எங்கள் வீட்டுக்கு எந்த நிறுவனம்? காசு கொடுத்து வாங்கிய அசலை அழித்துவிட்டு, போலியை வைத்து, அதற்கு மறுபடியும் எங்களிடமே விலை வாங்கியிருக்கிறார்கள்.

திருட்டுச் செயலியால் வரும் கேடு அத்தோடு முடிவதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசொப்ட் டிஃபென்டர் என்ற பாதுகாப்பு இலவசமாகவே உள்ளே இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு அது போதும் என்பது என் முடிவு. அதற்கு மேல் காசு கொடுத்து ஒன்றை வாங்க வேண்டிய தேவை எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இல்லை. ஆனால் டிஃபென்டர் விழித்திருந்தால் திருட்டுச் செயலியைப் பிடித்துவிடும். ஆகவே கடைக்காரர் முதலில் அதைக் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார். விண்டோஸ் செக்கியூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் மனேஜ் செட்டிங்ஸுக்குள் கீழ்ப்பகுதியில் எக்ஸ்குளூஷன்ஸ் என்று ஒன்று உண்டு. டிஃபென்டர் சோதிக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அது. அங்கே, விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் முழுவதும் எழுதப்பட்டிருந்தது. இனி உண்மையான வைரஸ் வந்து உட்கார்ந்தாலும் டிஃபென்டர் வாய் திறக்காது. மனைவி அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பவர் என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஒரு வருடத்துக்கு என்று விற்ற வைரஸ் கார்டோ, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கக்கூடிய முப்பது நாள் சோதனைப் பதிப்பு.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கணினியோடு வந்த பதிப்பை மருமகன் மறுபடி நிறுவினான். உரிமம் தானாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினோம்.

படங்களை மீட்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. டி டிரைவ் பழைய வகைச் சுழலும் வன்தட்டு. அதை விரைவு போர்மட் (குயிக் போர்மட்) செய்தால் கோப்புகளின் அட்டவணைதான் போகும். வேறொன்று மேலே எழுதப்படும் வரை படங்கள் உள்ளே இருக்கும். காணவில்லை என்று தெரிந்த கணமே அதில் எதையும் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும். அவன் வன்தட்டைக் கழற்றி, வேறு கணினியில் மாட்டி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இரவு முழுவதும் ஓட விட்டான். படங்கள் வந்தன, ஆனால் பெயரும் இல்லை, கோப்புறையும் இல்லை, எல்லாம் வெறும் எண்கள். மகளின் முதலாம் வகுப்புப் படத்துக்கு அடுத்து யாரோ ஒருவரின் கல்யாணம். சில படங்கள் பாதி வரை சரியாக இருந்து, அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையாக முடிகின்றன. கடைக்காரர் "இலவசமாக" நிரப்பிய சினிமாப் படங்கள் ஏறி உட்கார்ந்த இடங்கள் அவை. அப்பாவின் அல்பத்தில் கால்வாசிக்கும் குறைவாகவே கிடைத்தது. மனைவியின் வினாத்தாள்கள் இருந்த சி டிரைவ், சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகை. அதில் அழிந்தால் பெரும்பாலும் அழிந்ததுதான், ஒன்றும் மீளவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "அண்ணா, தரவுகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சுவரில் ஒட்டியிருக்கிறோமே" என்றார். என் மனைவி தொலைபேசியில் சொன்னதைச் சொன்னேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டார். நகரில் நேர்மையாக வேலை செய்யும் கடைகள் இருக்கின்றன. உவர்மலையில் இருக்கும் என் நண்பரின் கணினியை ஒருவர் இதே போன்ற முறைப்பாட்டுக்குப் பார்த்து, அறிவிப்பை மட்டும் நீக்கிக் கொடுத்துக் காசே வாங்காமல் அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்டவர்களின் பெயரும் இவர்களால் கெடுகிறது.

கணினியைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கொடுக்கும் முன் படங்களையும் கோப்புகளையும் ஒரு வெளி வன்தட்டில் எடுத்து, அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். "அனுமதியின்றி போர்மட் செய்யக் கூடாது, டி டிரைவைத் தொடக் கூடாது" என்று வேலைச் சீட்டில் எழுதச் செய்து, அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே வைரஸ் சந்தேகம் இருந்தால், விண்டோஸ் செக்கியூரிட்டியின் ஸ்கேன் ஒப்ஷன்ஸில் டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணினி நின்று மறுபடி தொடங்கி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் அளவில் முடிந்துவிடும்.

திரை முழுவதையும் மறைத்து, சங்கு ஊதி, "மைக்ரோசொப்டை இந்த எண்ணில் அழையுங்கள்" என்று ஓர் எச்சரிக்கை வந்தால், அது இன்னும் கொடிய ஏமாற்று. மைக்ரோசொப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அழைத்தால், தூரத்திலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கு வரை போய்விடுவார்கள். எஸ்கேப் விசையைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி வரும் டாஸ்க் மனேஜரில் உலாவியை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்படியான மோசடிகளை, நாட்டின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற எண்ணில் அறிவிக்கலாம்.

இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது உண்மை. ஆனால் அன்றோடு கணினியில் வைரஸ் வந்துவிட்டதாகச் சொல்லி போர்மட் செய்யப் புறப்படுபவரை நம்பாதீர்கள். கணினி 11க்குத் தகுதியானது என்றால் தரமுயர்த்தலை மைக்ரோசொப்டே இலவசமாகத் தருகிறது. கோப்புகளை வைத்துக்கொண்டே செய்யலாம்.

கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முத்திரை குத்திய அந்தத் துண்டோடும் அக்டிவேஷன் பக்கத்தின் படத்தோடும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். முடிவு வரும் வரை பெயர் அங்கேயே இருக்கட்டும். இதே போல ஏமாந்தவர்கள் நகரில் இன்னும் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதிகார சபையின் எண் 1977. முறைப்பாட்டைச் சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு எவ்வளவு சிறிய துண்டாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.